கருவாட்டுத் தராசு

எங்கள் குடியிருப்பில் காலை நடைக்கு வரும் ஆறேழு பேரில் ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் சின்னதாய் ஓர் எவர்சில்வர் டப்பா வைத்திருப்பார். மூன்றாவது சுற்று முடிந்ததும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். எள், ஆளி விதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை, வெள்ளரி விதை. ஐந்தையும் வறுத்துக் கலந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு நிதானமாக மெல்லுவார். அந்த நேரத்துக்குத்தான் கீரைக்காரம்மாவும் கூடையோடு வாசலுக்கு வருவார்.

"நான் கீரையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு சார்" என்றார் ஒருநாள். "கீரையில என்ன இருக்கு? நூத்துக்குத் தொண்ணூறு தண்ணி. நூறு கிராம் எள்ளுல கால்சியம் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு மில்லிகிராம். பாலக்கீரையில தொண்ணூத்தொம்பது. பத்து மடங்கு! பூசணி விதையில இரும்பு எட்டேமுக்கால். பாலக்குல ரெண்டேமுக்கால்." கைபேசியில் அட்டவணையையும் காட்டினார். வண்ண வண்ணக் கட்டங்கள். விதைகள் பக்கம் பச்சை நிறம், கீரை பக்கம் சோர்ந்துபோன சாம்பல் நிறம்.

இது அவர் ஒருவருடைய கருத்தென்றால் சிரித்துவிட்டு நாலாவது சுற்றுக்குப் போயிருப்பேன். உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள், கல்யாணத்துக்கு முன்னால் எடை குறைக்கும் பெண்கள், சத்துணவு ஆலோசனை என்று காணொளி போடுகிறவர்கள், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். விதை என்பது அடர்ந்த சத்து, கீரை என்பது பச்சை நிறத் தண்ணீர். ஆகவே தினம் ஒரு கரண்டி விதை போதும், கீரை ஆய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தக் கருத்து தவறு. அட்டவணையில் உள்ள எண்கள் பொய்யில்லை என்பதால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் அந்த எண்கள் அப்படியேதான் இருக்கின்றன. படிக்கிற விதத்தில்தான் கோளாறு.

மறுநாள் அவரிடம் கேட்டு வாங்கி அவருடைய ஒரு கரண்டியை வீட்டுச் சமையல் தராசில் கொட்டினேன். 11 கிராம். ஐந்து விதைகளும் சம பங்கு என்றால் அதில் எள் 2 கிராம் சொச்சம். அட்டவணைப்படி அந்த எள்ளிலிருந்து வரும் கால்சியம் சுமார் 20 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அவர் எனக்குப் பெருமையாகச் சொன்ன 975, டப்பாவிலிருந்து வாய்க்கு வருவதற்குள் 20 ஆகிவிட்டது.

அதே காலையில் கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினேன், 20 ரூபாய். வேரோடும் மண்ணோடும் 350 கிராம் இருந்தது. வேரை வெட்டி, பழுத்ததையும் முற்றிய தண்டையும் கழித்து, ஆய்ந்து முடித்தபோது 190 கிராம். எங்கள் வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு அறுபது கிராமுக்கு மேல். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் முளைக்கீரை வகைக்கு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் போட்டிருக்கிறது. ஒரு ஆள் தட்டில் விழும் மசியலில் ஏறக்குறைய 200. பத்து மடங்கு என்று அவர் சொன்னது தலைகீழாகத் திரும்பி நிற்கிறது.

உடனே ஒரு மறுப்பு வரும்: "அப்போ நான் கூடுதலா எள்ளு சாப்பிடுறேன்." சாப்பிடலாம். 100 கிராம் எள்ளில் 570 கலோரிக்கு மேல் இருக்கிறது. உட்கார்ந்த வேலை செய்யும் ஒருவருடைய ஒரு நாள் சாப்பாட்டில் கால்வாசிக்கும் மேல். அந்த 975ஐத் தொட வேண்டுமென்றால் ஒரு வேளைச் சோற்றையே விட்டுவிட்டு எள்ளை மட்டும் தின்ன வேண்டும். அதுவும் தினமும். எள்ளுருண்டைப் பிரியனான நானே மூன்றாவது உருண்டையில் கையெடுத்துவிடுவேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து. காய்ந்த விதையில் ஈரம் ஐந்தாறு சதவீதம்தான். பாலக்கீரையில் 91 சதவீதம். இவை இரண்டையும் கிராமுக்குக் கிராம் நிறுத்துவது கருவாட்டையும் மீனையும் ஒரே தட்டில் வைத்து, கருவாட்டில்தான் சத்து அதிகம் என்று தீர்ப்பு எழுதுவது மாதிரி. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். கருவாடு விற்கிற ஆச்சியே சிரித்துவிடுவார்.

மீன் வேண்டாமென்றால் பட்டாணியைப் பார்க்கலாம். உரித்த பச்சைப் பட்டாணி 100 கிராமில் புரதம் ஐந்து கிராம் சொச்சம். அதே பட்டாணி காய்ந்து கடைக்கு வந்தால் இருபது கிராமுக்கு மேல். செடி அதே, விதை அதே. நடுவில் சேர்ந்தது ஒன்றுமில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. விதையையே விதையோடு நிறுத்தினாலும் தராசு நாலு மடங்கு பொய் சொல்கிறது. அப்படியிருக்க இலையோடு நிறுத்தும்போது அது உண்மை பேசும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பாலக்கையும் காயவைத்துக் கணக்குப் பார்த்தேன். ஈரத்தைக் கழித்துவிட்டால் 100 கிராம் உலர்ந்த பாலக்கில் கால்சியம் 1150, இரும்பு 31 மில்லிகிராம் என்று வருகிறது. எள்ளையும் பூசணி விதையையும் தாண்டிவிடுகிறது. பாலக்கே அப்படி. அகத்திக்கீரையில் ஈரத்தோடேயே 900க்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. நண்பர் காட்டிய அட்டவணையில் அகத்தியைக் காணோம், முருங்கையைக் காணோம், பொன்னாங்கண்ணியைக் காணோம். கீரைக் கூட்டத்திலேயே கால்சியத்தில் கடைசி வரிசையில் நிற்கும் பாலக்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மல்யுத்தத்துக்கு எதிர்த்தரப்பில் யாரை அனுப்புவது என்று தானே முடிவு செய்துகொண்டவன் ஜெயிக்காமல் என்ன செய்வான்?

கீரைக் கட்சிக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. முருங்கை இலைப்பொடி விற்கிறவர்கள் ஊரெங்கும் ஒட்டிய சுவரொட்டி உங்களுக்கும் நினைவிருக்கும்: பாலைவிட 17 மடங்கு கால்சியம், பாலக்கைவிட 25 மடங்கு இரும்பு. அங்கேயும் இதே வித்தை. காய்ந்த பொடியை நீர்ப்பாலோடும் ஈரக்கீரையோடும் நிறுத்துவது. அந்தப் பொடியை 100 கிராம் யார் தின்னப்போகிறார்கள்? ஒரு தேக்கரண்டியே தொண்டையில் அப்பிக்கொள்கிறது. மேலைநாட்டுக் கீரைப் பிரியர்களிடம் வேறொரு தராசு உண்டு: 100 கிராமுக்குப் பதில் 100 கலோரிக்கு எவ்வளவு சத்து என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் கீரைகள் வானத்துக்கு ஏறிவிடும், விதைகள் பாதாளத்துக்குப் போய்விடும். 100 கலோரிக்குப் பாலக் வேண்டுமென்றால் நானூறு கிராமுக்கு மேல் தின்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நூறு கிராம் என்ற அளவைக் குறை சொல்லவில்லை. அது பதிவேட்டுக்காரரின் வசதி. நம் நாட்டில் அந்தப் பதிவேடு தொடங்கியது நீலகிரியில், குன்னூரில். அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து 1937இல் அய்க்ராய்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போனது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் அந்த நூலை விரித்து எழுதினார்கள். இன்றைக்கும் நம் ஊர் மனையியல் மாணவிகள் புரட்டுவது அந்தப் புத்தகத்தின் வழிவந்ததைத்தான். விடுதிக்கும் மருத்துவமனைக்கும் உணவுத் திட்டம் போடுகிறவர்கள், எத்தனை பேர், தட்டில் எவ்வளவு என்று பெருக்கிக் கொள்வதற்காக வந்த எண்கள் அவை. பெருக்காமல் அப்படியே வாசிக்கிற காலம் வரும் என்று குன்னூரில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பதிவேட்டிலேயே கீரைப் பிரியர்கள் தலைகுனிய வேண்டிய ஒரு வரி இருக்கிறது. பழைய பதிப்பில் முளைக்கீரை வகைக்கு இரும்பு 25.5 மில்லிகிராம் என்று இருந்தது. பிந்தைய பதிப்பில் 3.49 ஆனது. இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும் இலையின் கணக்கில் ஏறிவிடுவது ஆய்வகத்தாருக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. வெளிநாட்டில் பாலக் தின்று பலம் பெறும் பாப்பாய் கேலிச்சித்திரத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: யாரோ தசமப் புள்ளியைத் தப்பாக வைத்ததால் பாலக்கில் பத்து மடங்கு இரும்பு என்று உலகம் நம்பியதாம். அந்தத் தசமப் புள்ளிக் கதையே ஆதாரமில்லாத கட்டுக்கதை என்று பின்னால் தோண்டிப் பார்த்தவர்கள் காட்டிவிட்டார்கள். நம் ஊர்க் கதை கட்டுக்கதை இல்லை. ஆனாலும் "கீரை தின்னா ரத்தம் ஊறும்" என்கிற பாட்டி வாக்கு இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அவர்களுக்குக் கீரைக்கட்டையோ விதை டப்பாவையோ கொடுத்து அனுப்புகிறவர் நல்லது செய்யவில்லை. அங்கே வேண்டியது ரத்தப் பரிசோதனையும் இரும்பு மாத்திரையும்.

தட்டில் விழுவது ஒரு கணக்கு. உடம்பில் சேர்வது இன்னொரு கணக்கு. விதைப் பிரியர்கள் இந்த இரண்டாவது கணக்கைக் கீரைக்கு மட்டும் போடுவார்கள். "பாலக்கில் ஆக்சலேட் இருக்கிறது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது" என்பார்கள். முழு உண்மை. அமெரிக்காவின் ஓமஹா நகரில் ராபர்ட் ஹீனி என்ற மருத்துவர் 1988இல் அளந்து பார்த்தார். பாலிலிருக்கும் கால்சியத்தில் 27 சதவீதத்துக்கு மேல் உடம்பில் சேர்ந்தது, பாலக்கிலிருந்து சேர்ந்தது ஐந்து சதவீதம்தான். கால்சியத்துக்காகப் பாலக் பன்னீர் சாப்பிடுகிறவர் பன்னீருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதே ஹீனியும் பர்டூ பல்கலைக்கழகத்துக் கோனி வீவரும் இரண்டு வருஷம் கழித்து முட்டைகோஸ் குடும்பத்துக் கேல் கீரையை அளந்தார்கள். 40 சதவீதம் சேர்ந்தது, பாலையே மிஞ்சிவிட்டது. கேலில் ஆக்சலேட் மிகக் குறைவு. கீரை என்பது ஒரே பொருள் இல்லை என்பதை அந்த ஒரு சோதனையே காட்டிவிடுகிறது. முள்ளங்கிக் கீரையும் கடுகுக் கீரையும் கேலின் சொந்தக்காரர்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் ஆக்சலேட் விஷயத்தில் பாலக்கின் பக்கம் சாய்கிறவை. நான் மேலே போட்ட 200 மில்லிகிராமும் ஆகவே முழுசாக உடம்பில் ஏறாது என்பதை மறைக்கப் போவதில்லை.

விதையைக் கேள்வி கேட்க வேண்டிய இடமும் இதுதான். எள்ளின் கால்சியம் எங்கே இருக்கிறது தெரியுமா? தோலில். தோல் நீக்கிய எள்ளுக்கு அதே அமெரிக்கப் பட்டியலில் கால்சியம் 60 மில்லிகிராம். 975 எங்கே, 60 எங்கே! தோலிலிருக்கும் அந்தக் கால்சியம் பெரும்பாலும் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்தால், கால்சியம் ஆக்சலேட். பாலக்கின் மேல் சாட்டப்படும் அதே குற்றம். மளிகைக் கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதே என்று தோல் நீக்கிய எள்ளை வாங்குகிறவருக்குக் கால்சியமும் இல்லை. கறுப்பெள்ளைத் தோலோடு வறுத்துப் பொடிக்கிறவருக்குக் கால்சியம் இருக்கிறது, ஆனால் பூட்டோடு.

விதைக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அதற்குப் பெயர் பைட்டேட். முளைக்கும்போது கன்றுக்கு வேண்டிய பாஸ்பரஸை விதை இந்த வடிவில்தான் சேமித்து வைக்கிறது. நம் குடலில் அது இரும்பு, துத்தநாகம், கால்சியம் என்று அகப்பட்டதையெல்லாம் கட்டிப்போட்டு வெளியே அழைத்துப் போய்விடும். எண்ணெய் வித்துகளில் எள் இதற்குப் பேர்போனது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்களையும் சகாக்களையும் வைத்தே ஒரு சோதனை செய்தார்கள். வாரக் கணக்கில் தவிட்டு ரொட்டியும் வெள்ளை ரொட்டியும் மாற்றி மாற்றித் தின்று, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தார்கள். அட்டவணையில் சத்து மிகுந்த தவிட்டு ரொட்டியிலிருந்து உடம்பு கால்சியத்தைக் குறைவாகவே எடுத்துக்கொண்டது. பைட்டேட்டை நீக்கிய ரொட்டியில் நிலைமை சீரானது. பிரிட்டன் அந்தப் போர்க்காலத்திலேயே ரொட்டி மாவில் சுண்ணாம்புத் தூளைச் சேர்க்கத் தொடங்கியது, இன்றைக்கும் சேர்க்கிறது. அட்டவணையை நம்பி உட்கார்ந்திருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் எலும்பு என்ன ஆகியிருக்கும்?

ஆக, இரண்டு பக்கமும் பூட்டு இருக்கிறது. பிறகு ஏன் நான் கீரையின் பக்கம் நிற்கிறேன்? செடி எதற்காக எதைச் செய்து வைத்திருக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

விதை, பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் முளை தன் முதல் இலையை விரித்து வெயிலைப் பிடிக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய எண்ணெய், புரதம், பாஸ்பரஸ் எல்லாம் அதில் இருக்கும். எண்ணெய் சிக்குப் பிடித்துக் கெடாமல் இருக்க வைட்டமின் இ இருக்கும். சூரியகாந்தி விதையில் அது ஏராளம். ஆனால் வெயிலைக் கையாளும் சாமான் எதுவும் மூட்டையில் இல்லை. இருட்டில் இருப்பவனுக்குக் குடை எதற்கு?

இலை வேலைத்தலம். நாள் முழுக்க வெயிலில் நின்று சர்க்கரை செய்கிறது. அளவுக்கு மீறின வெளிச்சம் தன்னைக் கருக்கிவிடாமல் இருக்க அதற்குக் கரோட்டீன் வேண்டும், லூட்டீன் வேண்டும், வைட்டமின் சி வேண்டும். வெளிச்சம் கிளப்பிவிட்ட மின்னணுக்களைக் கைமாற்றிவிட வைட்டமின் கே வேண்டும். நம் கண்ணும் தோலும் ரத்தம் உறையும் முறையும் கேட்கிற அதே சாமான்கள். இலையில் அவை இருப்பது தற்செயல் இல்லை, அவை இல்லாமல் இலைக்குப் பிழைப்பே இல்லை. உலர்ந்த எள்ளிலும் சியா விதையிலும் வைட்டமின் ஏ தரும் கரோட்டீன் ஏறக்குறையப் பூஜ்யம். வைட்டமின் சி-யும் பேருக்குத்தான். நூறு கிராம் என்ன, ஒரு மூட்டை தின்றாலும் பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான்.

இதை நிரூபிக்க ஒரு யுத்தமே நடந்தது. முதல் உலகப் போரில் மெசொபொத்தேமியாப் பாலைவனத்தில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பருப்பும் மாவும் கிடைத்தன, பச்சைக்காய் கிடைக்கவில்லை. ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயில் ஆயிரக்கணக்கானோர் விழுந்தார்கள். ஹாரியட் சிக், மரியன் டெல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1919இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதுதான்: உலர்ந்த பயறு அந்த நோயைத் தடுக்காது, அதே பயறை ஊறவைத்து முளைகட்டினால் தடுக்கும். இலையாகும் வேலையை விதை தொடங்கிய பிறகுதான் அதில் அந்த வைட்டமின் பிறக்கிறது. முளைகட்டும்போது பைட்டேட் பூட்டும் கொஞ்சம் இளகுகிறது. வறுத்த விதைக்கு அந்த யோகமும் இல்லை. வாணலியில் உயிர் போய்விட்டது.

ஃபோலிக் அமிலம் என்று கர்ப்பிணிகளுக்கு மாத்திரை தருகிறார்களே, அந்தப் பேருக்கே இலை என்றுதான் பொருள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பாலக்கை அரைத்துப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் வைத்த பெயர். பயறுகளிலும் சூரியகாந்தி விதையிலும் ஃபோலேட் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர் அட்டவணையோடு வந்துவிடுவார்.

கரோட்டீன் விஷயத்தில் கீரைக்கு எதிராக வலுவான சாட்சி ஒன்று உண்டு. விதைக் கட்சியில் யாருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1995இல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குப் பல வாரங்கள் கூடுதலாகக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வைட்டமின் ஏ நிலை உயரவில்லை. கரோட்டீன் சேர்த்த பிஸ்கோத்து தின்றவர்களுக்கு உயர்ந்தது. பிற்பாடு அதே குழுவினர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், இலையிலிருக்கும் கரோட்டீன் 26 பங்கு சேர்ந்தால் ஒரு பங்கு வைட்டமின் ஏ என்று கணக்கிட்டார்கள். அதுவரை புத்தகத்தில் ஆறு பங்குக்கு ஒன்று என்று இருந்தது.

அடிதான். ஆனாலும் அந்தக் கஞ்சத்தனமான கணக்கையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். 60 கிராம் பாலக்கில் கரோட்டீன் மூன்றரை மில்லிகிராம் அளவு. 26ஆல் வகுத்தால் 130 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. ஒரு பெண்ணுக்கு நாளுக்குப் பரிந்துரைத்திருப்பது 840. ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. டப்பாவிலிருந்து எவ்வளவு? மேலே சொன்ன பூஜ்யம். இலையின் கரோட்டீன் உடம்பில் ஏற வேண்டுமானால் இலை வெந்து மசிய வேண்டும், கூடவே கொழுப்பு வேண்டும். மண்சட்டியில் மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டுகிற நம் கீரைக் கடைசலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தர முடியாது. தாளிக்கிற இடத்தில் எள் வந்து நிற்பதையும் கவனியுங்கள்.

விதையின் சரியான இடம் அதுதான். எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதால்தான் எண்ணெய் என்ற சொல்லே பிறந்தது. விதை எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதை நம் மொழி எப்போதோ முடிவு செய்துவிட்டது. பூசணி விதையில் துத்தநாகமும் மெக்னீசியமும் அபாரம், கீரை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆளியிலும் சியாவிலும் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. மீனில் இருக்கும் வடிவமாக உடம்பு அதில் சின்னப் பங்கையே மாற்றிக்கொள்ளும் என்றாலும், மீன் தொடாதவருக்கு அதுவும் லாபம்தான். ஆளியை மட்டும் பொடித்துத் தின்ன வேண்டும், முழுசாக விழுங்கினால் வந்த கோலத்திலேயே வெளியே போய்விடும். சியாவை ஊறவைக்காமல் வெறுமனே அள்ளிப் போட்டுத் தண்ணீர் குடித்த ஒருவருக்கு உணவுக்குழாயிலேயே அது உப்பி அடைத்துக்கொண்டதை அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். நன்னாரி சர்பத்தில் சப்ஜா போடும் நம்மவர்கள் ஊறவைக்காமல் போட்டதே இல்லை.

கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் சேர்த்து நாளுக்கு முப்பது சொச்சம் கிராம் வேண்டும் என்று ஹைதராபாத் நிறுவனமே சொல்கிறது. அதே தாளில், காய்கறியும் கீரையும் நானூறு கிராம் என்று தனி வரியில் எழுதியிருக்கிறது. தனி வரி என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. விதை போட்டி போட வேண்டியது மிக்சரோடு, பஜ்ஜியோடு, வறுவல் பொட்டலத்தோடு. அங்கே அது கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

படித்தவர்கள்கூடக் கீரையை விட்டு விதைக்கு ஏன் போகிறார்கள்? காரணம் சத்து இல்லை என்பது என் எண்ணம். அன்றைக்கு அந்த 190 கிராமை ஆய நான் எடுத்துக்கொண்ட நேரம் 25 நிமிஷம். அதற்கப்புறம் மூன்று தண்ணீர் அலசல். அடியில் மண் நிற்கிறதா என்று பார்த்து நாலாவது தண்ணீர். ஒரு புழு. மடித்துப் பார்த்தால் இலைக்கு அடியில் முட்டை. என் அம்மா ஐம்பது வருஷம் இதைச் செய்தார். வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டே, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு. வீட்டு ஆண்கள் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தண்டைக் கிள்ளியதாக எனக்கு நினைவில்லை, நான் உட்பட. இப்போது அந்த 25 நிமிஷத்தைத் தர வீட்டில் ஆளில்லை. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் பெண் தர மாட்டேன் என்கிறாள், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆண் எடுத்துக்கொள்ளவும் மாட்டான். அப்போது ஒரு டப்பா வந்து, ஆய வேண்டாம், அலச வேண்டாம், திற, மெல்லு என்கிறது. கூடவே ஓர் அட்டவணையையும் தருகிறது. சோம்பலுக்கு விஞ்ஞானம் சாட்சி சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது?

ஆய நேரமில்லை என்றால் அப்படியே சொல்லிவிடலாம், அதில் வெட்கமில்லை. வாரம் மூன்று நாள் மட்டும் கீரை செய்யலாம். அகத்தியும் முருங்கையும் உருவிப் போடுகிற இலைதான், மண் இருக்காது. அவரைக்காய், கொத்தவரங்காய், பீன்ஸ் நறுக்கப் பத்து நிமிஷம் போதும், ஏதோ பச்சையாகத் தட்டில் விழும். நேரமில்லாத குறையைக் கீரையின் தலையில் கட்டி, அதில் சத்தே இல்லை என்று பட்டம் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நண்பரிடம் இதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ விதையை நிறுத்திடவா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். சாயங்கால வறுவல் பொட்டலத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் விதையைச் சாப்பிடச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வறுவல் பொட்டல விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

உங்கள் கைபேசிக்கும் அந்தப் பச்சைக் கட்ட அட்டவணை ஒருநாள் வரும். வந்தால் அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். ஒன்றே ஒன்று கேளுங்கள்: நேற்று நீங்கள் எள் எத்தனை கிராம் சாப்பிட்டீர்கள்?